ஒளியும் பொலிவும்: முக ஒளிச்சிகிச்சை விளம்பரத் தமிழ் - ஒரு திறனாய்வு

முன்னுரை

விளம்பரம் இலக்கியமன்று எனக் கருதித் திறனாய்வாளர் அதனை ஒதுக்கிவிடுவது பெருவழக்கு. ஆயினும், மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழும் தமிழர் பள்ளிப்படிப்பை முடித்த பின்னர் அன்றாடம் கண்ணுறும் தமிழுரையில் கணிசமான பகுதி விளம்பரத் தமிழே ஆகும். கதையும் கவிதையும் படிக்காதவரும் துண்டறிக்கையைப் படிக்கின்றனர். படித்து, அதன்வழி முடிவும் எடுக்கின்றனர். எனவே, அவ்வுரை எதனைச் சொல்கிறது, எதனைச் சொல்லாமல் விடுகிறது என ஆராய்வது தமிழ்த் திறனாய்வின் எல்லைக்கு உட்பட்டதே என்பது நம் கருத்து.

கிள்ளான், பிரிக்பீல்ட்ஸ், சிராங்கூன் சாலை போன்ற தமிழர் கடைவீதிகளில் தீபாவளியை ஒட்டியும் திருமணக் காலத்திலும் அழகு நிலையங்களின் அறிவிப்புகள் மிகுகின்றன. அவற்றுள் முகத்தில் ஒளி பாய்ச்சிச் செய்யப்படும் சிகிச்சைகள் பற்றிய அறிவிப்புகளை மட்டும் இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. தனியொரு நிலையத்தையோ அறிவிப்பையோ குறைகூறுவது நம் நோக்கமன்று. இவ்வகை அறிவிப்புகளுக்குப் பொதுவான சொல்லாட்சியே நம் ஆய்வுப்பொருள். ஒளிச்சிகிச்சையைத் தெரிவு செய்யும் கருநிறத் தோலினருக்கு இன்றியமையாத உண்மை ஒன்று உண்டு. அவ்வுண்மை இடம்பெற வேண்டிய இடத்தை இச்சொல்லாட்சி அழகுச் சொற்களால் நிரப்பிவிடுகிறது. இதனை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விளம்பரத் தமிழின் மூன்று சொற்கள்

இவ்வறிவிப்புகளில் அடிக்கடி இடம்பெறும் சொற்கள் மூன்று: ஒளி, பொலிவு, இயற்கை. மூன்றும் பழந்தமிழ்ச் சொற்கள். மூன்றும் நற்பொருள் உடையன. 'ஒளி' என்பது வெளிச்சத்தை மட்டும் குறிப்பதன்று; திருக்குறளில் அது புகழ், நன்மதிப்பு என்னும் பொருளிலும் ஆளப்பட்டுள்ளது. 'பொலிவு' களத்துமேட்டோடு தொடர்புடைய சொல். தூற்றிக் குவித்த நெல்லைப் 'பொலி' என்பது உழவர் வழக்கு. நிறைவும் பெருக்கமும் அதன் அடிப்படைப் பொருள். 'இயற்கை'யோ செயற்கைக்கு எதிராக நிறுத்தப்படுவது. மின்கருவியால் தோலுக்குள் வெப்பம் செலுத்தும் ஒரு செயலை இச்சொல்லால் குறிப்பது வியப்புக்குரியது.

இவற்றுள் 'பொலிவு' செல்வாக்குப் பெற்ற முறை குறிப்பிடத்தக்கது. பல ஆண்டுகளாகத் தமிழ் விளம்பரங்களில் கோலோச்சிய சொல் 'சிவப்பழகு'. நிற வேற்றுமைக்கு எதிரான கண்டனம் உலகெங்கும் வலுத்த 2020ஆம் ஆண்டில், இந்தியாவில் 1975 முதல் விற்கப்பட்டுவந்த 'ஃபேர் அண்ட் லவ்லி' முகப்பசை தன் பெயரை 'க்ளோ அண்ட் லவ்லி' என மாற்றிக்கொண்டது. வெண்மையைக் குறித்த சொல் போய் ஒளிர்வைக் குறிக்கும் சொல் வந்தது. நம் அறிவிப்புகளிலும் 'சிவப்பு' பின்னுக்குச் சென்று 'பொலிவு' முன்னுக்கு வந்துள்ளது. சொல் மாறிற்றே அன்றி ஆசை மாறவில்லை. 'சிவப்பழகு' வெளிப்படையான சொல்லாதலின் அதனை மறுத்துரைக்க இயலும். 'பொலிவு' அத்தகையதன்று. பொலிவு வேண்டாம் என்பார் யார்? மறுக்க இயலாத ஒரு சொல்லை முன்வைத்து, மறுக்கத்தக்க ஒன்றை விற்பது இவ்வுரையின் முதல் உத்தி எனலாம்.

இரண்டாவது உத்தி, வேறுபட்ட பலவற்றை 'ஒளிச்சிகிச்சை' என்னும் ஒரே தொடருக்குள் அடக்குவதாகும். லேசர், ஐ.பி.எல். எனப்படும் துடிப்பொளி, எல்.இ.டி. விளக்கொளி ஆகிய மூன்றும் அத்தொடருக்குள் அடங்கிவிடுகின்றன. இவை ஒன்றல்ல. லேசர் ஒரே அலைநீளம் உடைய ஒளி. ஐ.பி.எல். என்பது செனான் விளக்கிலிருந்து துடிப்புத் துடிப்பாக வெளிப்படும் கலப்பொளி. ஏறத்தாழ 500 முதல் 1200 நானோமீட்டர் வரை பரந்துள்ள அதனை வடிகட்டிகளால் ஓரளவு சுருக்கிப் பயன்படுத்துவர். எல்.இ.டி. ஒளி தோலைச் சுடுவதில்லை. 415 நானோமீட்டரை ஒட்டிய நீலவொளியும் 633 நானோமீட்டரை ஒட்டிய செவ்வொளியும் முகப்பரு போன்றவற்றுக்கு மென்மையான துணைச்சிகிச்சையாகப் பயன்படுகின்றன. இம்மூன்றின் ஆற்றலும் இடரும் பெரிதும் வேறானவை. மூன்றையும் ஒரு பெயரால் அழைப்பது, அகல்விளக்கையும் அடுப்பையும் உலைக்களத்தையும் 'தீ' என்று மட்டும் எழுதிவைப்பதை ஒக்கும்.

மாமையும் பசலையும்

விளம்பரத் தமிழ் தனக்கொரு மரபு இருப்பதுபோல் காட்டிக்கொள்கிறது. எழில், கவின், வனப்பு முதலிய இலக்கியச் சொற்களைத் தாராளமாக எடுத்தாள்கிறது. அம்மரபு தோல் நிறத்தைப் பற்றி உண்மையில் கூறுவது யாது என்பதையும் நோக்குதல் வேண்டும்.

சங்க அகப்பாடல்களில் தலைவியின் மேனியழகுக்கு வழங்கும் சிறப்புச் சொல் 'மாமை'. மாந்தளிரின் மென்னிறம் அதற்கு உவமையாகிறது. தலைவியை 'மாயோள்' எனச் சுட்டுவதும் உண்டு; கருநிறத்தாள் என்பது அதன் பொருள். இம்மாமை கெடும்போது தோன்றுவது 'பசலை'. பிரிவால் வாடும் தலைவியின் மேனியில் படரும் வெளிறிய நிறமே அது. வெள்ளிவீதியார் பாடிய குறுந்தொகை 27ஆம் பாடல், தலைவியின் மாமைக் கவினைப் பசலை உண்பதாகவே காண்கிறது. திருக்குறளில் 'பசப்புறு பருவரல்' என ஓர் அதிகாரமே (119) உண்டு. அகமரபில் கருமை கலந்த நிறம் நலத்தின் அடையாளம். நிறம் வெளிறுதல் நோயின் அடையாளம். மேலும், 'சுணங்கு', 'திதலை' என மேனியில் தோன்றும் புள்ளிகளுக்குத் தனிப்பெயரிட்டு அவற்றையும் அழகின் பகுதியாகவே அப்பாடல்கள் போற்றின.

இதனைக் கொண்டு பண்டைத் தமிழர் நிற வேற்றுமை அறியாதவர் என முடிவுகட்டுதல் பொருந்தாது. மரபு ஒருமுகமானதன்று. நாம் வலியுறுத்துவது இவ்வளவே: வெளிறிய முகமே அழகு என்னும் கருத்துக்குச் சங்கச் சொற்களைத் துணைக்கு அழைப்பது அச்சொற்களுக்கு எதிராகச் சான்று கூறச்செய்வதாகும். 'மாநிறம்' என்னும் இன்றைய சொல்லில் பழைய மாமையின் நிழலைக் காண்கிறோம். ஆனால், திருமண விளம்பரங்களில் அச்சொல் ஒரு குறையை மென்மையாக ஒப்புக்கொள்வதற்கே பயன்படுகிறது. சொல் வாழ்கிறது, அதன் பெருமிதம் வாழவில்லை.

ஒளி இலக்கை அறியும் முறை

மாமையைப் பற்றிய இச்செய்தி இலக்கிய நயத்தோடு முடிந்துவிடுவதன்று. ஒளிச்சிகிச்சையின் வெற்றியும் தோல்வியும் அதே நிறத்தையே சார்ந்துள்ளன.

முதல் லேசரை மைமன் என்னும் இயற்பியலாளர் 1960ஆம் ஆண்டில் இயக்கிக் காட்டினார். அதனைத் தோல் மருத்துவத்துக்கு நுட்பமாகப் பயன்படுத்தும் கோட்பாட்டை ஆண்டர்சன், பாரிஷ் என்னும் இரு மருத்துவ அறிஞர்கள் 1983ஆம் ஆண்டு 'சயன்ஸ்' இதழில் விளக்கினர். அதன் சாரம் எளிது. தோலிலுள்ள நிறப்பொருள் ஒவ்வொன்றும் சில அலைநீளங்களை மிகுதியாக உட்கொள்ளும். அதற்கேற்ற ஒளியை, இலக்கு ஆறுவதற்குத் தேவைப்படும் நேரத்தைவிடக் குறைந்த நேரத்துக்குப் பாய்ச்சினால், வெப்பம் இலக்கோடு நின்றுவிடும். சுற்றியுள்ள தோல் பெரும்பாலும் தப்பும். இரத்தக்குழாயில் இலக்கு ஈமோகுளோபின். கரும்புள்ளியிலும் மயிர்க்காலிலும் இலக்கு மெலனின்.

சிக்கல் இங்கேதான் எழுகிறது. மெலனின் மங்கிலும் மயிர்க்காலிலும் மட்டும் இருப்பதன்று. மாநிற, கருநிறத் தோலின் மேலடுக்கு முழுவதிலும் அது நிறைந்திருக்கிறது. கருமையைத் தேடிச்செல்லும் ஒளி, கருத்த முகத்தில் முதலில் சந்திப்பது தோலையே. ஒளி அங்கேயே உட்கொள்ளப்பட்டால் தோல் சுடும், கொப்புளம் எழலாம், அது ஆறியபின் அழற்சியின் விளைவாகக் கருந்தழும்பு தோன்றி மாதக்கணக்கில், சிலருக்கு அதனினும் நீண்டகாலம், நிலைக்கலாம். சிலருக்கு நிறமே நீங்கி வெண்புள்ளிகள் விழும். கருமையை நீக்கச் சென்றவர் மேலும் கருமையோடு திரும்புவது இவ்வாறே.

மெலனின் ஒளியை உட்கொள்ளும் அளவு, அலைநீளம் கூடக்கூடக் குறையும். ஆகவே, 694 நானோமீட்டர் ரூபி லேசரும் 755 நானோமீட்டர் அலெக்சாண்டிரைட் லேசரும் கருத்த தோலுக்கு இடர்மிக்கவை. 1064 நானோமீட்டர் என்.டி.யாக் லேசர் மேலடுக்கைப் பெருமளவு விட்டுக் கீழே செல்வதால் ஒப்பீட்டளவில் பாதுகாப்பானது. கலப்பொளியாகிய ஐ.பி.எல்., குறுகிய அலைநீளங்களையும் கொண்டிருப்பதால், கருத்த தோலில் மிகுந்த கவனத்தை வேண்டுவது. வீட்டில் பயன்படுத்தும் ஐ.பி.எல். கருவிகளின் கையேடுகளிலேயே தோல் நிறங்களை வரிசையாக அச்சிட்டு, மிகக் கருத்த நிறத்துக்கு இக்கருவி ஏற்றதன்று எனக் குறித்திருப்பதைக் காணலாம். கையேடு சொல்வதை அறிவிப்பு ஏன் சொல்வதில்லை என்பதே நம் வினா.

அளவுகோலின் வரலாறு

தோலை ஆறு வகையாகப் பிரிக்கும் ஃபிட்ஸ்பேட்ரிக் அளவுகோலை மருத்துவர் இன்றும் பயன்படுத்துகின்றனர். அதன் வரலாறும் நமக்கொரு பாடம். 1975ஆம் ஆண்டு அமெரிக்கத் தோல் மருத்துவர் தாமஸ் ஃபிட்ஸ்பேட்ரிக் அதனை வகுத்தது, புற ஊதாக் கதிர்ச் சிகிச்சையில் வெள்ளைத் தோலினருக்குரிய அளவை முடிவுசெய்வதற்கே. தொடக்கத்தில் அதில் நான்கு வகைகளே இருந்தன. பழுப்பு நிறமும் கருநிறமும் ஐந்து, ஆறு எனப் பின்னர்ச் சேர்க்கப்பட்டன. தென்னிந்திய மரபினருள் பெரும்பாலோர் 4 முதல் 6 வரையிலான வகைகளில் அடங்குவர். அஃதாவது, நம் முகங்களுள் பல, அளவுகோலில் பின்னிணைப்பாக வந்தவை. இத்துறையின் தொடக்கக்கால அளவுகள் பலவும் வெளிறிய தோலைக் கருத்திற்கொண்டே அமைந்தன. ஆகவே, ஒருவருக்குப் பயன்தந்த அளவு மற்றவருக்கும் பயன்தரும் எனக் கொள்ளுதல் தவறு. சீனத் தோழிக்கு நன்மை செய்த அதே தொகுப்புச் சலுகை தமிழ்ப் பெண்ணுக்குத் தீமை செய்யக்கூடும். 'அனைவருக்கும் ஏற்றது' என்னும் தொடர் அறிவிப்பில் காணப்படின், அதனை நல்லெண்ணத்தின் வெளிப்பாடாக அன்றி, அறியாமையின் வெளிப்பாடாகவே கொள்ள வேண்டும்.

தெரிவுக்குரிய வினாக்கள்

ஒளிச்சிகிச்சையே கூடாது என்பது நம் கருத்தன்று. கண்ணையும் கன்னத்தையும் சுற்றி நீலம் படர்ந்திருக்கும் ஓட்டா மச்சத்துக்கும், செந்நிறப் பிறவித் தழும்புக்கும் லேசர் தந்துள்ள நன்மை பெரிது. முகத்தில் மிகுதியாக வளரும் மயிரால் துன்புறும் பெண்களுக்கும் ஏற்ற கருவி ஆறுதல் அளிக்கிறது. அழகை விரும்புவது குற்றமன்று. விரும்புவோர் அறிந்து தெரிவு செய்ய வேண்டும் என்பதே நம் வேண்டுகை. அதற்கு ஐந்து வினாக்கள் உதவும்.

முதலாவது, முகத்தில் இருப்பது யாது? கருமை அனைத்தும் ஒன்றல்ல. மங்கு வேறு, முகப்பரு ஆறிய வடு வேறு, மச்சம் வேறு. ஐயத்துக்குரிய மச்சத்தின் மேல் நோயறியாமல் ஒளி பாய்ச்சினால் புற்றுநோய் மறைந்து வளர இடமுண்டு. நெற்றியோரத்திலும் கழுத்திலும் தடித்துப் படரும் கருமை, உடலில் இன்சுலின் சரிவரச் செயற்படாமையின் அறிகுறியாக இருக்கலாம். மலேசிய இனத்தாருள் நீரிழிவு இந்தியரிடையே மிகுதி என்பதைத் தேசிய நலவாழ்வு ஆய்வுகள் தொடர்ந்து காட்டிவருகின்றன. அக்கருமையுடையவர் முதலில் செல்ல வேண்டிய இடம் இரத்தப் பரிசோதனைக் கூடமே.

இரண்டாவது, இதற்கு ஒளி தேவைதானா? மங்குக்கு முதற்சிகிச்சை வெயில் காப்பும் மருத்துவர் தரும் பூச்சு மருந்துமே. ஆண்டு முழுவதும் வெயில் காயும் நம் நாடுகளில் இது சிறப்பாகப் பொருந்தும். கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் மங்கைத் தூண்டுவதால், இரும்பு ஆக்சைடு கலந்த நிறமுள்ள வெயில்காப்புப் பசை பரிந்துரைக்கப்படுகிறது. ஒளிச்சிகிச்சையால் மறைந்த மங்கு மீண்டும் தோன்றுவது பெருவழக்கு. 'லேசர் டோனிங்' என்னும் பெயரில் குறைந்த ஆற்றலில் பலமுறை செய்யப்படும் சிகிச்சையிலும் வெண்புள்ளிகள் தோன்றியமை மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளது.

மூன்றாவது, கருவி எது, அதன் அலைநீளம் என்ன? இவ்வினாவுக்கு விடை கூற இயலாதவரிடம் முகத்தை ஒப்படைத்தல் தகாது.

நான்காவது, செய்பவர் யார்? மலேசியாவில் அழகியல் மருத்துவம் செய்யும் பதிவுபெற்ற மருத்துவர், சுகாதார அமைச்சின் எல்.சி.பி. எனப்படும் தகுதிச் சான்றைப் பெற்றிருத்தல் வேண்டும். இதற்கான வழிகாட்டி நெறிகள் 2013ஆம் ஆண்டில் வெளிவந்தன. அழகுக்கலைஞர் லேசர்ச் சிகிச்சை செய்தல் ஆகாது. சிங்கப்பூரிலும் மருத்துவருக்கான அழகியற் சிகிச்சை நெறிகள் 2008ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டன. மேலும், மலேசியாவில் மருத்துவச் சேவை விளம்பரங்கள் 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் ஒப்புதல் பெற வேண்டியவை, 'கே.கே.எல்.ஐ.யு.' என்னும் எழுத்துகளோடு கூடிய ஒப்புதல் எண் அறிவிப்பில் உள்ளதா எனக் காண்பது எவர்க்கும் எளிது.

ஐந்தாவது, முன்சோதனை உண்டா? காதின் பின்புறத்திலோ தாடையின் கீழோ சிறிதளவு இடத்தில் ஒளி பாய்ச்சிச் சில வாரங்கள் பொறுத்துப் பார்த்தல் கருத்த தோலினருக்கு நல்ல காப்பு. கருமை உடனே தோன்றாது. சில நாள் முதல் சில வாரம் கழித்தே தலைகாட்டும். திருமணத்துக்கு இரண்டு வாரம் இருக்கையில் முதன்முறையாகச் சிகிச்சைக்குச் செல்வது ஏன் தவறு என்பது இதனால் விளங்கும். கண்களுக்குக் காப்பு அணிவிக்கப்படுகிறதா என்பதையும் உடன் கேட்டறிய வேண்டும். புருவத்தை ஒட்டிச் செய்யப்பட்ட லேசரால் கருவிழித்திரை பழுதுற்ற நிகழ்வுகள் மருத்துவ உலகம் அறிந்தவை.

தமிழாசிரியர் கடமை

இவ்வைந்து வினாக்களையும் தமிழில் கேட்க இயலுமா? இயலும். மேலே அவ்வாறே கேட்டோம். ஆயினும், மும்மொழித் துண்டறிக்கைகளில் கருவியின் பெயரும் நிபந்தனைகளும் ஆங்கிலத்திலோ மலாயிலோ நிற்க, தமிழ்ப் பகுதியில் வாழ்த்துரை மட்டும் இடம்பெறுவதைப் பலகாலும் காண்கிறோம். தமிழ் உணர்ச்சிக்கு உரியது, தகவல் பிறமொழிக்கு உரியது என்னும் பிரிவினை இதில் மறைந்துள்ளது. தமிழை மட்டும் படிக்கும் தாய் பொலிவைப் படிக்கிறார், இடரைப் படிப்பதில்லை. மகளின் முகத்துக்கான முடிவை அவரும் சேர்ந்தே எடுக்கிறார். இது மொழிச்சிக்கல் மட்டுமன்று. நீதியின் சிக்கலும் ஆகும்.

கலைச்சொல் இல்லாமை இதற்குக் காரணமன்று. லேசரைச் 'சீரொளி' என்றும் கூறலாம். 'லேசர்' என்றே எழுதினும் இழுக்கில்லை. ஐ.பி.எல். கருவியைத் 'துடிப்பொளி' எனலாம். அலைநீளம், நிறமி, கொப்புளம், தழும்பு என்பன மாணவர் அறிந்த சொற்களே. இல்லாதது சொல்லன்று, சொல்ல வேண்டும் என்னும் எண்ணமே.

இடைநிலைப்பள்ளித் தமிழ் வகுப்பில் கருத்துணர்தல் பகுதிக்கு இத்தகைய அறிவிப்பு ஒன்றைப் பெயர் நீக்கிப் பயன்படுத்தலாம் என்பது நம் பரிந்துரை. 'இதில் கூறப்பட்டுள்ள பயன்கள் யாவை?' என்னும் வழக்கமான வினாவோடு நில்லாமல், 'இதில் கூறப்படாதவை யாவை?' என்னும் வினாவையும் சேர்க்க வேண்டும். அடையைப் பெயரினின்று பிரித்து, அடை நீங்கியபின் எஞ்சும் செய்தி யாது எனக் காணச்செய்வது நல்ல இலக்கணப் பயிற்சியும் ஆகும். அதனோடு மாமை, பசலை ஆகிய சொற்களின் பொருளையும் அவ்வகுப்பிலேயே விளக்கினால், பாடநூலில் உறங்கும் அகப்பாடல் மாணவர்தம் கன்னத்தைத் தொடும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வருவன பெறப்படும். முக ஒளிச்சிகிச்சை விளம்பரத் தமிழ், வேறுபட்ட கருவிகளை ஒரே பெயரில் அடக்கியும், மறுக்க இயலாத நற்சொற்களை முன்னிறுத்தியும், தெரிவுக்கு வேண்டிய செய்தியை மறைக்கிறது. அது துணைக்கு அழைக்கும் இலக்கிய மரபோ, அது விற்கும் வெளிறிய நிறத்தை நோயெனவே கண்டது. ஒளிக்கருவி இலக்கை நிறத்தால் அறிவதால், நிறத்தைப் பற்றிப் பேசாத அறிவிப்பு மாநிறத்தாருக்கு அரைகுறை அறிவிப்பே ஆகும். நிறத்தைப் பேசுவது நாணத்துக்குரியதன்று. மருத்துவரின் முன் அதுவே முதற்செய்தி. 'என் தோல் கருத்தது. அதற்கேற்ற கருவி எது?' எனத் தமிழில் தயக்கமின்றிக் கேட்கும் ஒரு மாணவியை உருவாக்கின், தமிழ்க்கல்வி அவளுக்குச் செய்த நன்மை சிறிதன்று.